பிறப்பிடமும் வதிவிடமும்

கனடாவுக்கு வந்த புதிதில் நான் வேலைக்குப் போய்வந்தது 86ஆம் இலக்க பஸ்ஸில். கெனடி சப்வே நிலையத்திலிருந்து ஸ்காபரோவின் கிழக்குப் பக்கம் போகும். அதன் கடைசித் தரிப்பு மிருகக்காட்சிச்சாலை. நான் இறங்குவது அதற்கு வெகுமுன்னால். 1991 வைகாசியில் ஒருநாள், இரவு வேலை முடிந்து வரும்போது நித்திரையாகிப்போனேன். சாரதி தோளில் தட்டித்தான் எழுப்பினார். வெளியே பெரியதொரு வாகனத் தரிப்பிடம், அதற்கப்பால் மரங்கள். திரும்பிப் போகும் பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது மரங்களுக்குள்ளிருந்து மயில் ஒன்று அகவியது. ஒரு கணம் எங்கே நிற்கிறேன் என்று எனக்கு விளங்கவில்லை. அங்கே மயில்களைக் கூட்டில் அடைப்பதில்லை, விருப்பப்படி உலாவ விட்டிருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

எங்கள் ஆட்கள் தமிழ்ப் பத்திரிகையைக் கையிலெடுத்தால் முதலில் பார்ப்பது மரண அறிவித்தல். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். ஒரு மனிதர் பட்ட அலைச்சல் முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் அடங்கிவிடும். அந்த நாளுக்குப் பிறகு ஆங்கிலப் பத்திரிகையிலும் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மிருகக்காட்சிச்சாலைக்கு எது வந்தது, எது போனது, எது குட்டி போட்டது, எது செத்தது என்று தேடி வாசிப்பேன்.

வாசிக்க வாசிக்க ஒன்று தெரிந்தது. இந்த மிருகங்களுக்கும் எங்களைப் போலவே கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வம்சப் பேரேடு. அதிலே ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம், தாய் யார், தகப்பன் யார், பிறந்த இடம், எந்த நகரத்திலிருந்து எந்த நகரத்துக்கு எப்போது மாற்றப்பட்டது என்ற விபரம். எதை எதோடு சேர்ப்பது, எதை எங்கே அனுப்புவது என்று அந்தப் பேரேட்டைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். இரத்த உறவு நெருங்கிவிடக்கூடாது என்பதுதான் கணக்கு. அதனால் காட்டிலே பிறந்து, தாய் தகப்பன் யாரென்றே தெரியாமல் வந்ததற்குத்தான் அங்கே மதிப்பு அதிகம். அதை ஸ்தாபகர் என்று பதிகிறார்கள். அநாதையாக வந்தவர் பேரேட்டில் ஸ்தாபகர் ஆகிவிடுகிறார்.

ரொறன்ரோவில் அப்படியான ஒருவர் சார்ள்ஸ் என்ற கொரில்லா. ஆபிரிக்காவில் காபோன் நாட்டுக் காட்டில் 1972 அளவில் பிறந்து, தாயை இழந்து, 1974இல் இங்கே வந்தவர். மிருகக்காட்சிச்சாலை திறந்ததும் அதே ஆண்டு ஆவணி 15ஆம் திகதிதான்.

அம்மாவை 1998இல் ஸ்பொன்சர் செய்து எடுத்தேன். அவர் மயிலிட்டி. 1990 ஆனியில் அங்கிருந்து எழும்பி, மல்லாகத்தில் அகதி முகாம், 1995இல் எல்லோரோடும் தென்மராட்சி, பிறகு வன்னி, கொழும்பு என்று எட்டு வருடம் அலைந்து வந்து சேர்ந்தவர். வந்த முதல் கோடையில் அவரையும் என் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். சார்ள்ஸ் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். முதுகு முழுக்க நரை. அம்மா கண்ணாடிக்குக் கிட்டப் போய் நின்று வடிவாகப் பார்த்தார்.

"ஆள் எங்கட ஊர்ச் சம்மாட்டி மாதிரி இருக்கிறார். எந்த ஊராம்?"

சொன்னேன்.

"தாய் தேப்பன்?"

"இல்லை அம்மா. ரெண்டு வயசிலை கொண்டுவந்தது."

"ஐயோ, பால்குடி மறவாத பிள்ளையெல்லோ" என்றவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அதன் பிறகு எங்கள் வீட்டில் சார்ள்ஸின் பெயர் சம்மாட்டிதான். சம்மாட்டிக்கு ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது என்று நான் பத்திரிகை பார்த்துச் சொன்னால், தாயும் பிள்ளையும் சுகமோ என்று அம்மா கேட்பார்.

பேரேட்டில் இன்னொரு வகை உண்டு. திரும்பிப் போவதற்கென்றே பிறப்பிக்கப்படுபவை. கறுப்புப் பாத ஃபெரற் என்று கீரியைப் போல ஒரு பிராணி. கனடாவில் 1937க்குப் பிறகு அது காணப்படவில்லை. அமெரிக்காவில் கடைசியாக மிஞ்சிய 18ஐப் பிடித்துத்தான் இனத்தைப் பெருக்கினார்கள். ரொறன்ரோ 1992இல் அந்த வேலையில் சேர்ந்தது. கூட்டில் பிறந்தவற்றுக்கு இரை பிடிக்கத் தெரியாதல்லவா? காட்டுக்கு விடுமுன் அதற்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். 2009 ஐப்பசியில் சஸ்கச்சுவான் புல்வெளித் தேசியப் பூங்காவில் 34ஐக் கொண்டுபோய் விட்டார்கள். எங்கள் சனம் வன்னியில் முட்கம்பி வேலிக்குள் இருந்த நேரம் அது. படத்தை அம்மாவுக்குக் காட்டினேன்.

"எழுபது வரியத்துக்குப் பிறகும் கொண்டுபோய் விட ஏலும்தானே, என்ன?" என்றார். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. ஓம் என்றேன்.

அந்த ஃபெரற்றுகள் அங்கே நிலைக்கவில்லை. அவற்றின் இரை, நிலத்துக்குள் வளை தோண்டி வாழும் ஒருவகை அணில். வறட்சியும் தெள்ளு பரப்பும் கொள்ளைநோயும் வந்து அது குறைந்துபோக, இவையும் இல்லாமற் போயின. இதை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

2013 பங்குனியில் சீனாவிலிருந்து இரண்டு பண்டாக்கள் வந்து இறங்கின. பிரதமரே விமான நிலையத்துக்குப் போய் வரவேற்றார். தொலைக்காட்சிச் செய்தியில் பண்டா, ஒப்பந்தம் என்று அடிபட அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தப் பண்டா? ஒப்பந்தத்தைக் கிழிச்ச பண்டாவோ?"

1957ஐ மறக்காத தலைமுறை. இது பத்து வருட ஒப்பந்தம் என்று விளங்கப்படுத்தினேன். ஐந்து வருடம் ரொறன்ரோ, ஐந்து வருடம் கல்கரி. 2015 ஐப்பசி 13இல் இரட்டைக் குட்டிகள் பிறந்தன. கனடாவில் பிறந்த முதல் பண்டாக்கள். "இஞ்ச பிறந்தால் சிற்றிசன் தானே?" என்று அம்மா கேட்டார். என் மகளுக்கு அப்படித்தான் கிடைத்தது. பண்டாக் குட்டிகளுக்கு அது இல்லை. எங்கே பிறந்தாலும் அவை சீனாவின் சொத்து. 2020 தையில் குட்டிகள் போயின. கொரோனாவினால் விமானங்கள் குறைந்து, மூங்கில் கிடைப்பது கஷ்டமாகிவிட, பத்து வருடம் முடியுமுன்பே, 2020 கார்த்திகையில், கல்கரியிலிருந்து தாயும் தகப்பனும் போயின.

பண்டாக்கள் வந்த அதே 2013இல்தான் யானைகள் புறப்பட்டன. ஆபிரிக்க யானைகள். 2006க்கும் 2009க்கும் இடையில் நான்கு செத்து, மூன்றுதான் மிச்சம். டோக்கா, இரிங்கா, தீக்கா. குளிர் ஆகாது, இடம் போதாது, செலவு கூட என்று பல வாதங்கள். எங்கே அனுப்புவது என்பதில்தான் பெரிய சண்டை. 2011இல் நகரசபை வாக்கெடுத்து, கலிபோர்ணியாவில் உள்ள ஒரு காப்பகத்துக்கு என்று முடிவு செய்தது. அரசியல்வாதிகள் தீர்மானிக்கிற விஷயமா இது என்று அடுத்த வருடம் அமெரிக்க மிருகக்காட்சிச்சாலைச் சங்கம் ரொறன்ரோவுக்கான அங்கீகாரத்தை எடுத்துவிட்டது. ஒவ்வொரு பக்கமும் யானைகளின் நன்மைக்காகவே பேசியது. டோக்காவும் இரிங்காவும் மொசாம்பிக்கில் பிடிபட்டவை. தீக்கா 1980இல் இங்கேயே பிறந்தது. அதற்கு ரொறன்ரோவைத் தவிர வேறு ஊர் கிடையாது. ஆனால் யானையைத் தனியே விட முடியாதே!

ஐப்பசி 17ஆம் திகதி இரண்டு லொறிகளில் ஏற்றினார்கள். மூன்று நாள் பயணம்.

அந்தக் கிழமைதான் நாங்கள் மூன்று பிள்ளைகளும் அம்மாவைப் பற்றி ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தோம். அண்ணா பாரிஸில், தங்கச்சி லண்டனில். தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருந்தது. அம்மா வந்து நின்றால் உதவி என்றாள். வின்ரருக்கும் அங்கே குளிர் குறைவு என்றேன் நான். ஆறு மாதம் லண்டன், பிறகு பாரிஸ், பிறகு இங்கே என்றார் அண்ணா. மூவரும் அம்மாவின் நன்மையைத்தான் கதைத்தோம். நான் ரெலிபோனை வைத்துவிட்டு வர, அம்மா தொலைக்காட்சியில் லொறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனையளிட்டை ஆரும் கேட்டவையோ, தம்பி?"

அவர் யானையைத்தான் கேட்டார். நான் பதில் சொல்லாமல் குசினிக்குள் போனேன். அம்மா லண்டன் போனார். ஆறு மாதத்தில், பாரிஸுக்குப் போக மாட்டேன் என்று இங்கேயே திரும்பி வந்தார். 2015இல் இரிங்கா கலிபோர்ணியாவில் செத்தது. அதை நானே சொன்னேன். "வெயிலைக் கண்டிட்டுத்தானே போனது" என்றார்.

அம்மா 2017 தை மாதம் இங்கே காலமானார். எண்பது வயது. அறிவித்தலை எழுதுவது என் பொறுப்பானது. மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் என்பதில் பிரச்சினையில்லை. வதிவிடத்தில்தான் தகராறு. அண்ணா ஸ்காபரோ மட்டும் போதும் என்றார். நான் மல்லாகத்தையும் எழுதினேன். முகாமை ஏன் போடுகிறாய் என்று கோபித்தார். அங்கேயும் ஐந்து வருடம் அடுப்பு மூட்டிச் சமைத்தவர் அல்லவா, இருந்த இடம் இருந்த இடம்தான் என்றேன். போட்டேன். அவ்வருடம் ஆடியில் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டார்கள். மச்சான் படம் அனுப்பினான். எங்கள் வீடு நின்ற இடத்தில் பற்றைக் காடு. கிணற்றுக் கட்டு மட்டும் தெரிந்தது.

2024 ஐப்பசி 22ஆம் திகதி பின்னேரம் மகள் ரெலிபோன் எடுத்தாள்.

"அப்பா, அப்பம்மாவின்ரை சம்மாட்டி செத்துப்போச்சு."

ஐம்பத்திரண்டு வயது. அதில் ஐம்பது வருடம் ஒரே இடம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கண்டவர். பேரேட்டில் இலக்கத்துக்கு நேரே ஒரு திகதி விழுந்திருக்கும். எனக்கு மனம் கேட்கவில்லை. மேசையில் கிடந்த கடித உறையின் பின்பக்கத்தில் எழுதினேன்: காபோனைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட சார்ள்ஸ் அவர்கள்.

அம்மாவுக்கு எழுதியதை விட இது சுலபமாக வந்தது. இடையில் முகாம் இல்லை, சண்டை பிடிக்க அண்ணா இல்லை. ஆனால் இத்தகவலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும் என்ற கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பிறப்பிடத்தில் அதை யாருக்கு அறிவிப்பது என்று தெரியவில்லை. மகளை மட்டும் திரும்பக் கூப்பிட்டு, சனிக்கிழமை 86ஆம் இலக்க பஸ்ஸில் ஒருக்காப் போய்வருவோமா என்று கேட்டேன்.