கோட் சொல்வதும் சொல்லாததும்

செக் எஞ்சின் லைட் எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அது நிலையாக எரிகிறதா, விட்டுவிட்டு மின்னுகிறதா என்பதைத்தான். நிலையாக எரிந்து, வண்டியின் பிக்கப்பிலோ டெம்பரேச்சர் முள்ளிலோ ஆயில் விளக்கிலோ மாற்றம் இல்லையென்றால் நிதானமாக வீடு வந்து சேரலாம். மின்னினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்டிவிடுவது நல்லது. ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது. அங்கே எரியாத பெட்ரோல் சைலன்ஸர் குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருப்பதை உருக்கிவிடும். சில நூறு ரூபாய் பிளக்கோடு முடிய வேண்டிய செலவு பல ஆயிரமாக ஏறும் இடம் இது.

நான் மெக்கானிக் இல்லை. விடுமுறைக் காலைகளில் வீட்டு வாசலில் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பது என் நெடுநாள் பழக்கம். சொந்தக் காரில் தொடங்கியது, பிறகு தெருக்காரர்களின் கார்களுக்கும் பரவியது. இதற்குப் பெரிய பட்டறை தேவையில்லை. ஒரு புளூடூத் ஸ்கேனர், செல்போனில் அதற்கான ஆப், மல்டிமீட்டர், டார்ச், ஸ்பேனர் செட், ஒரு முழ ரப்பர் டியூப். இவற்றோடு கொஞ்சம் பொறுமை.

ஸ்கேனரைச் செருகும் சாக்கெட் ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்பக்கம் இருக்கும். 16 பின் கொண்டது. ஓபிடி-2 என்ற இந்த ஏற்பாடு அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து வந்த கார்களுக்கு அது விதி. கம்பெனி எதுவானாலும் சாக்கெட்டின் வடிவம் ஒன்றே. கோட்டின் இலக்கணமும் ஒன்றே. பி என்று தொடங்கினால் எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்து 0 வந்தால் பெரும்பாலும் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானது, 1 வந்தால் அந்தக் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டது. அதற்கடுத்த எண் பிரிவைச் சொல்லும்: 1, 2 என்றால் காற்றும் பெட்ரோலும், 3 என்றால் மிஸ்ஸிங், 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஆப்பில் ஒரு சென்சார் பெயர் வந்ததும் கடைக்கு ஓடி அதை வாங்கி மாட்டுகிறார்கள். கோட் என்பது போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த புகார் மாதிரி. கம்ப்யூட்டர் தன் கண்ணில் பட்டதைச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். விசாரிக்காமல் புகாரில் பெயர் இருப்பவரை உள்ளே தள்ளினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும்: புது சென்சார், பழைய விளக்கு.

விசாரணைக்கு முதல் விதி, கோட்டை அவசரப்பட்டு அழிக்கக் கூடாது. அழித்தால் அதோடு ஃபிரீஸ் ஃபிரேம் என்ற பதிவும் போய்விடும். பழுது பதிவான நொடியில் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம், வண்டி என்ன வேகம், கூலன்ட் எவ்வளவு சூடு, எஞ்சினுக்கு எவ்வளவு லோடு என்று கம்ப்யூட்டர் எடுத்து வைத்த குறிப்பு அது. மிஸ்ஸிங் காலையில் குளிர்ந்த எஞ்சினில் வந்ததா, பாலம் ஏறும்போது முழு லோடில் வந்ததா என்பதை ஓட்டியவரே மறந்திருப்பார், வண்டி மறப்பதில்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் ஸ்பேனரில் கை வைப்பேன்.

அடுத்து பேட்டரி. எஞ்சின் அணைந்து சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் அளவுக்கும், ஓடும்போது 14-ஐ ஒட்டியும் இருந்தால் சரி. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு கோட்கள் சேர்ந்து வந்தால் சென்சார்கள் ஒரே நாளில் கூட்டாகச் சாகவில்லை. பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சித்திரை வெயிலில் வண்டியைக் கொண்டுவந்தார். “ரேடியேட்டர் ஃபேன் சாவி போட்டா நிக்கவே மாட்டேங்குது தம்பி. சென்சாரை மாத்தணும்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க” என்றார். கோட் பி0118. ஆப்பில் கூலன்ட் சூடு மைனஸ் 40 டிகிரி என்று காட்டியது. அவருக்குச் சிரிப்பு. எனக்கு அந்த எண்ணே பாதி விடை. ஆப்புக்குக் கம்ப்யூட்டர் சூட்டை 0 முதல் 255 வரையிலான எண்ணாக அனுப்புகிறது. அதிலிருந்து 40-ஐக் கழித்தால் செல்சியஸ். எனவே அது சொல்லக்கூடிய கடைசிக் குளிர் மைனஸ் 40. இந்த சென்சார் சூடானால் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். ஒயர் அறுந்தால் தடைக்கு எல்லையே இல்லை; கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று படிக்கிறது. சூட்டை நம்ப முடியாததால் பாதுகாப்புக்கு ஃபேனை ஓடவிடுகிறது.

“கொஞ்சம் பொறுங்க சார்” என்று சொல்லிவிட்டு சென்சார் கப்ளரைக் கழற்றினேன். அதன் இரண்டு முனைகளையும் சிறு கம்பியால் இணைத்தேன். ஒயரிங் நன்றாக இருந்தால் எண் உடனே உச்சத்துக்குத் தாவ வேண்டும். தாவவில்லை, மைனஸ் 40-லேயே நின்றது. சென்சார் நிரபராதி. ஒயரைத் தடவிக்கொண்டே போனால், பேட்டரித் தட்டுக்குப் பின்னால் எலி கடித்துத் துண்டித்திருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டுச் சுருக்கியதும் ஃபேன் நின்றது. ஒரு எச்சரிக்கை: இப்படி இணைத்துப் பார்ப்பது இரண்டு ஒயர் உள்ள வெப்ப சென்சாருக்கு மட்டும். மூன்று ஒயர் சென்சாரில் செய்தால் கம்ப்யூட்டர் தரும் 5 வோல்ட் லைன் ஷார்ட் ஆகும்.

மிஸ்ஸிங்குக்கு இன்னும் எளிய சோதனை உண்டு, செலவும் இல்லை. பி0302 வந்தால், எஞ்சின் ஆறிய பிறகு இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றுக்கும் மூன்றின் காயிலை இரண்டுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பேன். கோட் பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் அடுத்து பிளக்கை அதே மாதிரி இடம் மாற்றலாம். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று போக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது பி0171 என்ற கோட். பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். புகைக் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டுக் கேட்டு, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் அந்தக் கணக்கைக் காக்கிறது. எவ்வளவு கூட்டியது, குறைத்தது என்பதை ஃபியூயல் டிரிம் என்ற சதவீதமாக ஆப் காட்டும். கூட்டல் கழித்தல் 10-க்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலில் பிளஸ் 20 காட்டி, 2500 ஆர்பிஎம்முக்கு ரேஸ் செய்ததும் 3-க்கோ 4-க்கோ இறங்கினால் எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் சிறு ஓட்டையும் பெரிதாகத் தெரிகிறது; ரேஸ் செய்ததும் அது கரைந்துவிடுகிறது. மாறாக, லோடு ஏற ஏற டிரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் திரும்ப வேண்டும். ஒரே கோட், இரண்டு வேறு பழுதுகள்; பிரித்துச் சொல்வது இந்த ஒரு எண்தான்.

ஓட்டை எங்கே என்று தேட அந்த ரப்பர் டியூப். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல் இன்டேக் ஹோஸ்களின் மேல் நகர்த்தினால், வெடித்த இடத்தில் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் தெளிவாகக் கேட்கும். எஞ்சின் ஓடும்போது கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான சைலன்ஸர் பக்கத்தில் அது தீயை அழைப்பது, வீட்டில் வேண்டாம்.

பி0420 வந்தால் கன்வர்ட்டர் போச்சு என்பார்கள். அது காரில் விலை கூடிய பாகங்களில் ஒன்று. ஆப்பின் கிராஃபில், கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் கோடு 0.1 வோல்ட்டுக்கும் 0.9-க்கும் இடையே மேலும் கீழும் துள்ளும். கன்வர்ட்டர் நலமாக இருந்தால் அதற்குப் பின்னால் உள்ள சென்சாரின் கோடு அதிகம் அசையாது. இரண்டும் சேர்ந்து துள்ளினால் சந்தேகம் நியாயம். அப்போதும் சைலன்ஸர் குழாய் இணைப்பில் கசிவு இல்லையென்று உறுதி செய்த பிறகே செலவைப் பேச வேண்டும். அமெரிக்க வீடியோக்களில் முதல் அறிவுரை, பெட்ரோல் டாங்க் மூடியை இறுக்குவது. அங்கே கார் தன் டாங்கின் ஆவிக் கசிவைத் தானே சோதிக்கும். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் அந்தச் சோதனையே இல்லை என்பதால் மூடியைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பழுதைச் சரிசெய்த பின் கோட்டை அழிக்கலாம். ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. அழித்ததும் கம்ப்யூட்டரின் சுயசோதனைகள் எல்லாம் ‘முடியவில்லை’ நிலைக்குப் போகும். டவுனிலும் ஹைவேயிலும் ஓட்டிய பிறகுதான் ஒவ்வொன்றாக முடியும். பல பழுதுகளுக்கு அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்தில் உறுதியானால்தான் விளக்கு எரியும். எனவே மறுநாள் விளக்கு இல்லை என்பது வெற்றி ஆகாது. பழைய கார் வாங்குபவர்களுக்கும் இது உதவும்: கோட் ஒன்றும் இல்லை, ஆனால் சுயசோதனைகள் பல முடியவில்லை என்றால் சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். சாவியை ஆன் செய்ததும் இந்த விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவிக்கே எரியாவிட்டால் அந்தக் காரை நம்ப வேண்டாம்.

பெட்ரோல் கசிவு, ஏர்பேக் ஒயரிங் இரண்டையும் வீட்டில் தொடாதீர்கள். மற்றவற்றை நீங்களே சரிசெய்யாவிட்டாலும் பரவாயில்லை. கோட், ஃபிரீஸ் ஃபிரேம், டிரிம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், அது பழுது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக்கிடம் அதற்குப் பதில் இருக்கும்.