தயங்கித் தயங்கித் தாம்பரம் வரை

கிண்டியிலிருந்து தாம்பரம் போக வேண்டுமானால் மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்துவிடுங்கள். சுகமாகப் போய்ச் சேரலாம். ஆனால் பிரயாணம் என்றால் இன்னதென்று தெரிய வேண்டுமா? 1969-ம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில், எண்பது வயதுப் பெரியப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோடில் போய்ப் பாருங்கள்!

பெரியப்பா வாலிபத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான் 1961 முதல் நம் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ ஆயிற்று. உருவம் வகுத்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. எஞ்சின் 948 ஸி.ஸி. “அந்த வாசலுக்கு அங்கே பிறந்த வண்டியிலேயே ஒரு தடவை போய்வர வேண்டும்” என்பது பெரியப்பாவின் ஆசை. அடுத்த வாரம் மகளோடு கோயமுத்தூருக்கே குடிபோகிறார். இன்று விட்டால் என்றைக்கோ?

ஒரு சிக்னலில் பச்சை விளக்கு விழுந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். வண்டி ஒரு விக்கல் விக்கி, ஒரு கணம் யோசித்து, பிறகுதான் நகர்ந்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் மூலம் தம் அபிப்பிராயத்தைத் தெரிவித்தார். மீனம்பாக்கத்திலும் விக்கல், பல்லாவரத்திலும் விக்கல். குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில் வண்டி நின்றே போயிற்று.

“கார்புரேட்டரை மாற்றிவிடுங்க ஸார்” என்றார் டீக்கடைக்காரர். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அதை ஆமோதித்தார்கள். பழைய கார் நின்றால் நம் ஊரில் வைத்தியர்களுக்கா பஞ்சம்?

ஒருவாறு கிளப்பிக்கொண்டு சானடோரியம் வந்து சேர்ந்தோம். 1928-ல் டாக்டர் சவுரி முத்து காச நோயாளிகளுக்காக ஆஸ்பத்திரி தொடங்கிய இடம் அது. மூச்சு முட்டியவர்களுக்கு மூச்சுக் கொடுத்த அந்தப் பேட்டையைத் தாண்டியதும், எங்கள் வண்டிக்கும் ஒரு வைத்தியர் அகப்பட்டார். சந்துக்குள் சின்ன ஒர்க் ஷாப். நரைத்த தலை மெக்கானிக்.

ஹெரால்டின் முகப்பு முழுவதும், மட்கார்டு உள்பட, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். மெக்கானிக் அப்படித்தான் உட்கார்ந்தார்.

“பெட்ரோலைவிடக் காற்று லேசு, ஸார். நீங்க சட்டுனு மிதிச்சா காற்று முதல்ல உள்ளே ஓடிடும். பெட்ரோல் பின்னாடிதான் வரும். அந்த இடைவெளியிலேதான் வண்டி விக்குது. அதை நிரப்பத்தான் கார்புரேட்டர்லே ஒரு குட்டி பம்ப் இருக்கு” என்றார்.

எங்கள் வண்டியின் அசல் கார்புரேட்டர் என்றோ போய், பம்ப் வைத்த வேறொன்று ஏறியிருந்தது. எஞ்சினை நிறுத்தி, ஏர் பில்டரைக் கழற்றி, உள்ளே பார்த்தபடி திராட்டிலைக் கையால் திறந்தார். பெட்ரோல் மெல்லிய கம்பிபோல உடனே பீய்ச்சியது. “பம்ப் நல்லாத்தான் இருக்கு” என்றார். உங்களிடம் பழைய கார் இருந்தால் இந்தச் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், அருகில் பீடி சிகரெட் கூடாது.

பிளக்கைப் பார்த்தார்; பாயிண்ட் இடைவெளியைப் பார்த்தார். இரண்டும் சரி. அப்போதுதான் அதுவரை வாய் திறவாத பெரியப்பா, “அந்த வாக்குவம் டியூபை உறிஞ்சிப் பாரப்பா” என்றார்.

கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்னக் குழாய் அது. திராட்டில் கொஞ்சம் திறந்ததும் அதன் வழியே இழுப்பு ஏற்பட்டு, தீப்பொறி சற்று முன்னதாகவே விழும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு மெக்கானிக் குழாயை உறிஞ்சினார். உள்ளே தகடு அசைய வேண்டும், அசையவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. எஞ்சின் சூட்டில் காய்ந்து, ரப்பர் முனை வெடித்திருந்தது! பொறியும் தாமதம், வெடிப்பு வழியே வேண்டாத காற்றும் நுழைந்திருக்கிறது. விரல் நீளம் புது டியூப் போட்டதும் வேலை முடிந்தது. நல்லவேளை, டீக்கடை வைத்தியத்தைக் கேட்கவில்லை!

“எங்கே வேலை பார்த்தீங்க, ஐயா?” என்று மெக்கானிக் கேட்டார். பெரியப்பா பதில் சொன்னதும், கூலி வாங்க மறுத்துவிட்டார்.

தாம்பரத்தைத் தாண்டிப் பெருங்களத்தூர் வரை வண்டி ஒரு தடவைகூட விக்கவில்லை. மிதித்தால் பறந்தது. தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று கண்ணாடி மாளிகைகள், கம்ப்யூட்டர் ஆபீஸ்கள், அடுக்கு வீடுகள். 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000 காரும் கைகொடுக்காமல், 1988-ல் கார் உற்பத்தி நின்றுபோன கதை பெரியப்பாவுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கதவைத் திறந்தவர் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“இறங்கலையா, பெரியப்பா?”

“இங்கேதாண்டா சங்கு ஊதும்” என்றார் மெதுவாக. சிறிது நேரம் கழித்து இறங்கி, ரோடைப் பார்க்காமல், வண்டியின் முகப்பை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வீட்டுக்குப் போகலாம். சாவியைக் கொடு, நான் ஓட்டுகிறேன்!”

எண்பது வயதுக்காரரிடம் கொடுக்கலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். அன்று அந்த ரோடில் கடைசியாகத் தயங்கியவன் நான்தான்.