மாலைப் பொழுதை யார் தருவார்?

அரியலூர் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் படிந்து கிடக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் சூழ்ந்திருந்த நிலம் இது. அந்தக் கல்லை நம்பிச் சிமென்ட் ஆலைகள் எழுந்தன. ஆலைகளை நம்பி எண்ணற்ற குடும்பங்கள் வாழ்கின்றன. ஆலைச் சங்கு ஒலித்து, அலுவலகக் கதவுகள் அடைபட்டபின், இம்மனிதர் தம் மாலைப் பொழுதை எங்கே கழிக்கின்றனர்? ஆன்ம மேய்ப்பன் எவனும் கேட்டாக வேண்டிய கேள்வி இது.

மதுவைப் பற்றிய நம் மறையுரைகள் பெரும்பாலும் கூலித் தொழிலாளியையே குறிவைக்கின்றன. 1983இல் தொடங்கப்பெற்ற டாஸ்மாக் நிறுவனம், 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. அக்கடை வாசலில் நிற்பவரை ஊரே பார்க்கிறது. குளிரூட்டப்பட்ட விடுதி அறையில், சட்டை மடிப்புக் கலையாமல் அருந்துபவரை ஒருவரும் பார்ப்பதில்லை. முன்னவர் செய்தால் அது குடி. பின்னவர் செய்தால் அதற்குப் 'பார்ட்டி' என்று பெயர்!

எம் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர் அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறார். அவருடைய இசைவுடனேயே இதை எழுதுகிறேன். ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்தில் மதுவை விடுவதாக நேர்ந்துகொண்டு, ஏழு மாதங்களாக அதைக் காத்து வந்தவர் அவர். ஒருநாள் என்னிடம் வந்தார். "சாமி, எங்க மேலாளருக்குப் பணிநிறைவு விருந்து. பெரம்பலூரில் ஒரு விடுதி பாரில் வைத்திருக்கிறார்கள். போகாவிட்டால் கர்வம் என்பார்கள். போனால் தாங்குவேனா என்று தெரியவில்லை. நீங்களும் கூட வர்றீங்களா?" என்றார். மேலாளரும் எனக்கு அறிமுகமானவரே. சென்றேன்.

படிகள் தரைக்குக் கீழே இறங்கின. மங்கிய நீல ஒளி, குளிர்காற்று, வேர்க்கடலையும் வறுத்த கோழியும் நிறைந்த தட்டுகள். பரிமாறும் பையனுக்கு ஒவ்வொருவரின் மதுவகையும் கேளாமலே தெரிந்திருந்தது. பழைய வழக்கப்படி நம் இளைஞர் முன்னும் ஒரு கோப்பையை வைத்தான். அவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு எலுமிச்சை சோடா கேட்டார். "சும்மா ஒரு பெக் போடுங்க, பக்கத்திலேயே சாமி இருக்கிறார், பாவமன்னிப்பு உடனே கிடைக்கும்!" என்றார் ஒருவர். நானும்தான் சிரித்தேன்.

முதல் ஒரு மணி நேரம் என்னை வியக்க வைத்தது. ஒருவர் தம் தாயின் கண் அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். மற்றவர் செலவுக்குப் பணம் தருவதாகச் சொன்னார். மகளின் கல்லூரிக் கட்டணம், இடமாற்ற அச்சம், மனைவியுடன் மனத்தாங்கல் என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஒருவர் பேச, பிறர் செவிமடுத்தனர். ஆனால் மூன்றாம் சுற்றுக்குப் பின் எல்லாரும் பேசினர், கேட்பார் எவருமில்லை. தாயைப் பற்றிப் பேசியவர் அதையே மீண்டும் சொன்னார். பணம் தருவதாகச் சொன்னவர் அதற்குள் மறந்திருந்தார். தோழமையைத் தருவதாக அழைத்த மது, அதைத் தானே திருப்பி எடுத்துக்கொண்டது.

விருந்து முடிந்ததும் நம் இளைஞர் இருவரின் வண்டிச் சாவிகளை வாங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார். இரவெல்லாம் லாரிகள் ஓடும் சாலை அது. வாடகைக் காரில் ஒவ்வொருவரையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டோம். இறுதியில் அவர் சொன்னார்: "குடியை விட்டது பெரிய கஷ்டமில்லை சாமி. சாயங்காலத்தை விட்டதுதான் கஷ்டம்."

குருமடத்தில் நான் கற்ற அறநெறி இறையியலில் இதற்கு ஒரு பாடம் இருந்ததாக நினைவில்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் மதுவைத் தன்னிலேயே தீயதென்று கருதவில்லை. அறிந்தே அறிவை இழப்பதைத்தான் பாவமென்றார். கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவர் ஆறு கற்சாடி நீரை இரசமாக்கினார். பாவிகளோடு பந்தியமர்ந்ததற்காகக் குடிகாரன் என்ற பழியையும் ஏற்றார். அவர் மனிதரைத் தேடிப் பந்திக்குச் சென்றார் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

1935 மே மாதம், அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சன் என்னும் நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் ஒரு தங்கும் விடுதியின் முன்கூடத்தில் தனித்து நின்றார். வந்த தொழில் காரியம் தோற்றிருந்தது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒருபுறம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி; மறுபுறம் தொலைபேசியும் ஆலயங்களின் பட்டியலும். அவர் ஆலயப் பட்டியலைப் பார்த்து ஒரு குருவானவரை அழைத்தார். அவ்வழியே பாப் ஸ்மித் என்னும் மருத்துவரைச் சந்தித்தார். அவரும் குடியால் நலிந்தவரே. இருவரின் உரையாடலிலிருந்து பிறந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம். 1939 முதல் அதே நகரின் புனித தோமா மருத்துவமனையில் அருட்சகோதரி இக்னேஷியா இத்தகையோரை நோயாளராக ஏற்றுப் பேணினார். குடியை விட்டவரைக் காப்பது இன்னொரு மனிதரின் அருகிருப்பே என்பதை அவர்கள் கண்டுகொண்டனர்.

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் மருத்துவரிடம் செல்லட்டும். அதன்பின் வரும் நீண்ட மாலைகளுக்கு யார் பொறுப்பு? எம் பங்கில் சனிக்கிழமை மாலைகளில் ஓர் அறையைத் திறந்து வைத்திருக்கிறோம். சுக்குக் காப்பி, கேரம் பலகை, நாளிதழ்கள் இருக்கும், மறையுரை இராது. சில வாரங்களில் நால்வர் வருவர். சில வாரங்களில் ஒருவர்.

அன்பியக் கூட்டங்களில் செபமாலை முடிந்ததும் பாயைச் சுருட்டி எழுந்துவிடாதீர்கள், இறைமக்களே. இன்னும் அரைமணி நேரம் அமர்ந்து, அடுத்தவரின் தாயைப் பற்றிக் கேளுங்கள். கேட்டதை மறுநாளும் நினைவில் வைத்திருங்கள். மதுவால் தர இயலாதது அது ஒன்றுதான்; நம்மால் தர இயலும்.