யார் வீட்டு 'பின்'?

லினக்ஸ்ல தினமும் குடித்தனம் நடத்துற எல்லார்கிட்டயும் சொந்தமா எழுதின குட்டி குட்டி ஸ்க்ரிப்ட் பத்தாவது இருக்கும். ஒவ்வொரு தடவையும் முழுப் பாதையையும் அடிச்சு ஓட்டினா வெறுத்துரும். கிரெப் மாதிரி பேரை மட்டும் அடிச்சா ஓடணும். அதுக்குப் பெரிய வித்தையெல்லாம் வேணாம். முதல் வரியில இது எதை வச்சு ஓடணும்னு சொல்ற ஷிபாங், சிஹெச்மாட் போட்டு ஓடுற அனுமதி, அப்புறம் 'பாத்' மாறியில இருக்கிற ஏதாவது ஒரு டைரக்டரிக்குள்ள ஃபைல் இருக்கணும். அவ்ளோதான். உபுண்டுல ஹோம் டைரக்டரிக்குள்ள 'பின்'னு ஒண்ணு உண்டாக்கினா, அடுத்த லாகின்ல அதுவே 'பாத்'ல சேர்த்துக்கும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். எந்த 'பின்'ங்கிறதுதான் மேட்டரே.

முன்னாடி நான் இருந்த கம்பெனியில ஒரு சீனியர், எல்லாருக்கும் அண்ணன். பில்ட் எடுக்க, லாக் அலச, டெஸ்ட் டேட்டாபேஸைத் துடைச்சு நிரப்பன்னு எல்லாத்துக்கும் ஒரு கமாண்ட் வச்சிருந்தார். எல்லாம் அவரோட வீட்டு 'பின்'ல. புதுசா சேர்றவங்களை முதல் நாளே அந்த டைரக்டரியை 'பாத்'ல சேர்க்கச் சொல்லிருவாங்க. அவர் வேலையை விட்டுப் போனதும் அட்மின் விதிப்படி அக்கவுண்டை அழிச்சார். மறுநாள் காலையில எல்லா ஸ்க்ரீன்லயும் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. ரிலீஸ் வாரம் வேற! அண்ணனுக்கு போன் போட்டுக் கேட்டு கேட்டுத் திரும்ப எழுதினோம். "அந்த வரியை ஏன் அப்படி எழுதினேன்னு எனக்கே ஞாபகம் இல்லடா"ன்னார் பாவம். ரெண்டு நாள் போச்சு. டேட்டாபேஸ் நிரப்புறது மட்டும் கடைசி வரைக்கும் பழையபடி வரவேயில்லை.

இதுக்குன்னே யுனிக்ஸ்ல ஒரு இடம் இருக்கு: யூஎஸ்ஆர்/லோக்கல்/பின். அந்த மெஷினைப் பார்த்துக்கிறவங்க தாங்களா வைக்கிற புரோகிராமுக்கான இடம். சிஸ்டம் அப்டேட் அதுல கை வைக்காது. நீங்க எழுதினதை இன்னும் நாலு பேர் தினமும் அடிக்கிறாங்கன்னா அது உங்க சொத்து இல்லீங்க. கிட்ல போட்டுட்டு, அட்மின்கிட்ட சொல்லி அங்க இன்ஸ்டால் பண்ண வைங்க.

அப்படிப் பொதுவுல வைக்கும்போது பேருக்குப் பின்னால டாட் எஸ்ஹெச் வேணாம். நாளைக்கே யாராவது பைத்தான்ல மாத்தி எழுதுவாங்க, பழகின விரல் பழைய பேரைத்தான் அடிக்கும். 'டெஸ்ட்'னும் வச்சிடாதீங்க. ஷெல்லுக்குள்ளயே அந்தப் பேர்ல ஒண்ணு உட்கார்ந்திருக்கு. உங்களோடது ஓடாது, வெறும் பேரை அடிச்சா எர்ரர்கூட வராது. சந்தேகமா இருந்தா 'டைப்'னு அடிச்சு, பக்கத்துல பேரைக் கொடுத்துப் பாருங்க. எது ஓடப்போகுதுன்னு அது சொல்லிரும்.

உங்க 'பின்'ல என்னென்ன கிடக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.