நீயா, நீங்களா?

கனடாவுக்காக டெஃப் பரீட்சைக்குப் படிக்கிறவங்க நம்ம பேட்ச்லயே நாலைஞ்சு பேர் இருக்கோம். "பிரெஞ்சு தெரிஞ்சா எக்ஸ்பிரஸ் என்ட்ரில 50 பாயின்ட் எக்ஸ்ட்ரா"ன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. ஆனா கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது நாலுலயும் என்சிஎல்சி 7 வேணும். மூணுல 9 வாங்கி ஒண்ணுல 6 வந்தா, அந்த 50 கிடையாது.

எனக்குப் பயம் பேச்சுலதான். மொத்தம் 15 நிமிஷம். முதல் அஞ்சு நிமிஷம், ஒரு விளம்பரத்தைப் பார்த்து முன்பின் தெரியாதவருக்கு போன் பண்ற மாதிரி கேள்வி கேக்கணும். அங்க 'வூ'. அடுத்த பத்து நிமிஷம் எதிர்ல இருக்கிற எக்ஸாமினர் உங்க ஃப்ரெண்டா மாறிடுவார். ஏதோ ஒண்ணுக்கு அவரைச் சம்மதிக்க வைக்கணும். அங்க 'து'. வினைச்சொல்லோட வாலும் கூடவே மாறும்.

இதை இங்கிலீஷ் வழியா யோசிச்சா சிக்கும், அங்க ரெண்டுக்கும் ஒரே 'யூ'தான். தமிழ்ல யோசிங்க. ஹெச்ஓடிகிட்ட "வர்றீங்களா சார்", ரூம்மேட்கிட்ட "வர்றியாடா". இதுக்கு நமக்கு யாரும் கிளாஸ் எடுக்கல. (மேசை ஏன் பெண்பால்னு கேட்டா மட்டும் தமிழும் கையை விரிச்சிடும். அது மனப்பாடம்தான்.)

ஃபைனல் இயர்காரங்களுக்கு இன்னொண்ணு. ரிசல்ட் ரெண்டு வருஷம்தான் செல்லும். ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் வழியில போக குறைஞ்சது ஒரு வருஷ வேலை அனுபவம் வேணும். இப்பவே எழுதினா பாதி ஆயுள் வீணாப் போகும். அதனால படிப்பை இப்ப ஆரம்பிங்க, ஃபீஸை வேலை கிடைச்சப்புறம் கட்டுங்க. நான் அப்படித்தான் வச்சிருக்கேன். அதுவரை தினமும் ரூம்மேட்டை 'து' போட்டு கேன்டீனுக்குக் கூப்பிடுறேன். அவனுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனா வர்றான்.