மலையகப் பயணம் – 5: குதிரை ஓடும் ஊரில் ஒரு மரதன்

தலவாக்கலையைத் தாண்டியதுமே வாகன நெரிசல் தொடங்கிவிட்டது. ஏப்ரல் மாதம் நுவரெலியாவுக்கு ‘சீசன்’. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்துக்கு வெயிலுக்குத் தப்பி ஓடிவரும் பழக்கத்தை வெள்ளைக்காரத் துரைமார் தொடங்கிவைத்தார்கள். இன்று கொழும்பே குடும்பத்தோடு வருகிறது. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, மகாகஸ்தோட்டையில் மலையேறும் கார்ப் பந்தயம் என்று ஊர் அமளிப்படுகிறது. ஆளுநர் கிரகரி 1873இல் அமைத்த வாவியின் கரையில் நடக்கவும் இடமில்லை.

நான் வந்தது இதற்கல்ல. நானுஓயாப் பக்கம் ஒரு தோட்டத்தில், சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவுக்கு நண்பர் அழைத்திருந்தார்.

சனிக்கிழமை விடிந்தும் பனி விலகவில்லை. கோயில் ஒலிபெருக்கி மரதன் ஓட்டக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. கோயிலடியில் புறப்பட்டு, தொழிற்சாலையைச் சுற்றி, மேல் டிவிஷனுக்கு ஏறி, லயங்களின் ஊடாக இறங்கிவர வேண்டும். “கிரவுண்டுல ஓட மாட்டீங்களா?” என்று ஏற்பாட்டுக்குழுத் தம்பியிடம் கேட்டேன். “சமதரை எங்கண்ணே இருக்கு? ரோடுதான் எங்களுக்குக் கிரவுண்டு” என்றார்.

உண்மைதான். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பிறகு, கோப்பி அழிந்த சரிவுகளையெல்லாம் தேயிலை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் விளையாட ஒதுக்கிய நிலம் சொற்பம்.

கொழும்புக் கடைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் புதுச் சப்பாத்து போட்டு முன்வரிசையில் நின்றார்கள். விசில் ஊதியதும் பாய்ந்தவர்களும் அவர்கள்தான். மேல் டிவிஷன் ஏற்றத்தில் அவர்களுக்கு மூச்சு வாங்க, கவ்வாத்து வெட்டும் ஒருவர் வெறுங்காலோடு நிதானமாகக் கடந்து போனார். வளைவுகளில் தண்ணீர்ப் போத்தலோடு நின்ற அக்காமார் போட்ட கூச்சலில் தொழிற்சாலைச் சங்கே கேட்டிருக்காது. வென்றவரும் அந்தக் கவ்வாத்துக்காரரே.

பிறகு தேசிக்காய் ஓட்டம், யானைக்குக் கண் வைத்தல், வழுக்கு மரம். கடைசியில் மேல் டிவிஷனும் கீழ் டிவிஷனும் கயிறிழுத்தன. பொங்கல், தீபாவளி, சித்திரை என்று மூன்று முறைதான் வெளியூர்ப் பிள்ளைகள் வீடு திரும்புவார்கள். அதனால் தோற்ற அணியிலும் யாருக்கும் முகம் வாடவில்லை.

மறுநாள் வாடகை லொறியில் ஆற்றோரத்துக்குப் புறப்பட்டோம். அண்டாவில் பிரியாணி, ரொட்டி, கட்டச் சம்பல், பிளாஸ்க் பிளாஸ்காகத் தேத்தண்ணி. வாவிக்கரைக்குப் போகலாமே என்றதற்கு ஒரு பாட்டி, “அங்க போனா காசும் கரையும், கூட்டமும் இடிக்கும் தம்பி” என்றார். பாறையில் இலை விரித்து எனக்குத்தான் முதலில் பரிமாறினார்கள்.

முதல்நாள் மரதனை நினைக்கும்போது ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார்: மலையகத்தில் பிறந்த குமார் சண்முகேஸ்வரன் 10,000 மீற்றர் ஓட்டத்தில் இலங்கையின் தேசிய சாம்பியனானவர். தினமும் ஏறி இறங்கும் இந்தக் கால்களுக்குப் பஞ்சமில்லை. ஓடிப் பழக ஒரு திடலும் பயிற்றுநரும்தான் வேண்டும். தோட்டக் கம்பனிகளும் அரசும் டிவிஷனுக்கு ஒரு மைதானமாவது விட்டுத்தரட்டும்.

சீசனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பந்தயத் திடலோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் விளையாட்டு விழா எப்போது என்று விசாரியுங்கள். அழைப்பிதழ் தேவையில்லை; பரிசு மேசைக்கு ஏதாவது கொண்டு போனால் போதும்.

(பயணம் தொடரும்)