ஊன்று கால்

என் பணி ஓய்வுப் பாராட்டில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "பெனால்ட்டின்னா லாட்டரிதானே, கீப்பருக்கு அதுல என்ன வேலை?" என்றார். சபை சிரித்தது. பொன்னாடைக்கு மரியாதை கொடுத்து அன்று வாயைத் திறக்கவில்லை.

1986 மே 7, செவில்லே. ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். 120 நிமிடம் கோலே இல்லை. பெனால்ட்டியில் பார்சிலோனா அடித்த நாலையும் ஸ்டெயாவா புக்கரெஸ்ட் கீப்பர் டுக்கடாம் தடுத்தார். மூன்றுக்கு வலப்பக்கம், நாலாவதுக்கு இடப்பக்கம். லாட்டரியில் வாங்கிய நாலு சீட்டுக்கும் பரிசு விழுமா? அதுவும், பந்தை அடிக்கும்வரை கீப்பர் காலை அசைக்கக் கூடாது என்ற காலம் அது. கோட்டின் மேலேயே பக்கவாட்டில் நகரலாம் என்று 1997இல்தான் விட்டார்கள்.

எனக்கு நெய்வேலியில் கீப்பிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் சுரங்கத் தொழிலாளி. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்துச் சாயங்காலம் கிரவுண்டுக்கு வருவார், காது மடிப்பில் நிலக்கரித் தூசியோடு. பந்தைப் பார்க்கவே விடமாட்டார். "அடிக்கிறவனோட ஊன்று கால் எங்க திரும்புதுன்னு பாருடா, பந்து அது பின்னாடியே வரும்." அடிக்க ஓடிவந்து, அடிக்காமல் நின்றுவிடுவார். நான் அசைந்திருந்தால் மறுபடி முதலிலிருந்து. பந்தைத் தொடாமலே இருட்டிவிடும். செம்மண் தரை, பாய்ந்து விழுந்தால் இடுப்பில் தோல் உரியும். அதைக்கூடத் தாங்கலாம், சும்மா நிற்பதுதான் முடியாது. ஊன்று கால் இறங்குவதற்கு முன்னே சாய்ந்தால், அடிப்பவன் பார்த்து மறுபக்கம் தட்டிவிடுவான். பின்னே சாய்ந்தால் வலைக்குள் போய்ப் பந்தைப் பொறுக்கலாம். நடுவே இருக்கிற அந்தத் துளி நேரம் எனக்குப் பிடிபட வருஷங்கள் ஆயின.

சென்னை நேரு ஸ்டேடியத்தில் 2009 சந்தோஷ் டிராபி இறுதியும் செவில்லே மாதிரிதான். கோவாவும் வங்காளமும் கோலே போடாமல் முடித்து, பெனால்ட்டியில் கோவா ஜெயித்தது. மறுநாள் டீக்கடைப் பேச்செல்லாம் அடித்தவர்களைப் பற்றித்தான்.

இப்போது நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளிடம் நல்ல கிளவுஸ் இருக்கிறது, போனில் வீடியோ இருக்கிறது. யார் எந்தப் பக்கம் அடிப்பான் என்று மனப்பாடமாகச் சொல்கிறார்கள். 2019 சட்டம் ஒரு கால் கோட்டில் இருந்தால் போதும் என்று சலுகை வேறு கொடுத்துவிட்டது. ஆனாலும் ஓடிவருபவனைப் பார்க்காமலே விழுந்துவிட்டு, "கெஸ் தப்பாயிடுச்சு சார்" என்கிறார்கள்.

மாஸ்டர் மாதிரி நானும் அடிக்காமல் நின்று பார்த்தேன். ஒரு பையனின் அப்பா ஓரமாக நின்று கவனித்துவிட்டு, "பந்தே அடிக்காம என்ன சார் கோச்சிங்?" என்று கேட்டார். அடுத்த வாரம் பையனை ஷட்டிலில் சேர்த்துவிட்டார்.